எல்லாருக்கும் ஒரே மோட்டார்: ஸ்லாட் காரும் சோழவரமும்

இன்னைக்கு எபிசோட் ஒரு பொம்மையைப் பத்தி. ஆனா இந்தப் பொம்மைக்காக நடுத்தர வயசு ஆளுங்க ராத்திரி பூரா உட்கார்ந்து காயில் கட்டியிருக்காங்க. ஒரு நாட்டுல ஆயிரக்கணக்கான கடைகளைத் திறந்து, சில வருஷத்துலயே மூடவும் வெச்சிருக்கு.

ஸ்லாட் கார்னா என்னன்னு முதல்ல பார்த்துடுவோம். உள்ளங்கை அளவு கார். அடியில் சின்ன கத்தி மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கிட்டு இருக்கும். டிராக்கில் வெட்டி வெச்ச பள்ளத்தில் அது உட்காரும். அந்தப் பள்ளம்தான் ஸ்லாட். அதோட ரெண்டு பக்கமும் உலோகப் பட்டை, அதில் சுமார் 12 வோல்ட் டிசி கரண்ட். காருக்கு அடியில் இருக்கிற செம்புப் பின்னல் அந்தப் பட்டையை உரசிக்கிட்டே போய் மோட்டாருக்கு கரண்ட் கொடுக்கும். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கன்ட்ரோலர். ஸ்டீயரிங் கிடையாது. உங்ககிட்ட இருக்கிறது ஒரு விரல்தான். வளைவில் அந்த விரலைக் கொஞ்சம் அதிகமா அழுத்தினா கார் பள்ளத்தை விட்டுப் பறந்து போய்ச் சுவரில் மோதும்.

"விரலை அமுக்கறதுல என்ன பெரிய திறமை"ன்னு தோணும். பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. விரலை எடுத்த உடனே கன்ட்ரோலர் ரெண்டு பட்டையையும் ஒண்ணா இணைச்சிடும். கரண்ட் வாங்கிக்கிட்டு இருந்த மோட்டார் இப்போ ஜெனரேட்டரா மாறும். அது உற்பத்தி பண்ற கரண்ட் அதையே பின்னாடி இழுக்கும். கார் சட்டுனு வேகம் குறையும். நான் இதை ரெக்கார்ட் பண்றது நல்லம்பள்ளியில். இங்கிருந்து சேலம் பக்கம் போனா தொப்பூர் கணவாய் இறக்கம். அங்க லாரிக்காரங்க டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினா என்ன ஆகும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கியரில் இருந்தா இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். ஸ்லாட் காரும் கிட்டத்தட்ட அதேதான், ஒரு மின்சார இன்ஜின் பிரேக்.

சரி, வரலாறு. அமெரிக்காவில் லயனல்னு ஒரு பொம்மை ரயில் கம்பெனி. அவங்க 1912-லேயே மின்சாரத்தில் ஓடும் கார் செட் ஒண்ணு வித்தாங்க. அது பெரிசா எடுபடல. அப்புறம் 1950-களில் இங்கிலாந்தில் மாடல் செய்யும் கிளப்புகள் தங்களுக்குள்ளேயே மின்சாரக் கார் ரேஸ் நடத்த ஆரம்பிச்சாங்க. கடையில் எதுவும் கிடைக்காது. காரையும் டிராக்கையும் அவங்களே செஞ்சாங்க. முதலில் தரையில் துருத்திக்கிட்டு இருக்கிற தண்டவாளம், பின்னாடி பள்ளம். அதே காலத்தில் ஃப்ரெட் ஃபிரான்சிஸ்னு ஒரு ஆங்கிலேயர், மினிமாடல்ஸ் கம்பெனி முதலாளி. 1952-ல் ஸ்கேலெக்ஸ்னு சாவி கொடுத்து ஓடும் தகரக் கார் வித்தார். அதுக்கு மவுசு குறைய ஆரம்பிச்சதும் உள்ளே மின் மோட்டாரை வெச்சார். ஸ்கேலெக்ஸும் எலெக்ட்ரிக்கும் சேர்ந்து ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஆச்சு. 1957-ல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் காட்டினார். ஆர்டர் தாங்க முடியாம அடுத்த வருஷமே கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸுக்கு வித்துட்டார். ஸ்டார்ட்-அப் எக்ஸிட்டுன்னு நாம இப்போ சொல்றது ஒண்ணும் புதுசில்ல.

இது அமெரிக்காவுக்குப் போனப்போதான் கதை சூடுபிடிக்குது. வீட்டு மேஜையில் ஓடின பொம்மைக்கு 1960-களின் நடுவில் தனிக் கடைகள் வந்துச்சு. எட்டு லேன் உள்ள பிரம்மாண்ட டிராக், மணிக்கணக்கில் வாடகை. நம்ம பவுலிங் ஆலி மாதிரின்னு வெச்சுக்கோங்க. கிங் டிராக்னு ஒரு வகை, ஒரு சுற்று 155 அடி. இன்னைக்கு இருக்கிற மிக வேகமான கார்கள் அதை ஒன்றரை நொடிக்கும் குறைவா சுத்திடும். கணக்குப் போட்டா மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டுது. கையளவு காருக்கு!

அந்த வேகம் எங்கிருந்து வந்துச்சு? டியூனிங்கில் இருந்து. டயரைக் கழட்டாமலே ஆக்ஸிலில் சுத்த விட்டு எமரிப் பேப்பரில் தேய்ச்சு வட்டத்தைச் சரி பண்றது, பல் சக்கரத்தோட விகிதத்தை மாத்தறது, ஈயத் துண்டை ஒட்டி எடையைச் சமன் பண்றது எல்லாம் கைவேலை. பொறுமை இருந்தா யாரும் செய்யலாம். பெரிய விஷயம் மோட்டார் ரீவைண்டிங். நம்ம ஊரில் கிணத்து மோட்டார் எரிஞ்சா காயில் கட்டக் கொண்டு போவோமில்லையா, அதே வேலையை நகம் அளவு ஆர்மேச்சரில் செய்யறது. சுற்றுகளைக் குறைச்சு, கம்பியைத் தடிமனாக்கினா ரெசிஸ்டன்ஸ் குறையும், அதிக கரண்ட் பாயும், வேகம் எகிறும். கூடவே சூடும் எகிறும். சிபியுவை ஓவர்கிளாக் பண்ணவங்களுக்கு இந்த உணர்வு நல்லாவே தெரியும்.

இங்கதான் சிக்கல். ஸ்பெஷலா காயில் கட்டின மோட்டார் கடைக்கு விற்பனைக்கு வந்துச்சு. அப்புறம் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வெச்ச டீம்கள் வந்தாங்க. சனிக்கிழமை பாக்கெட் மணியோட கடைக்கு வர்ற பதினாலு வயசுப் பையன், பெட்டியில் இருந்து எடுத்த காரை வெச்சு முதல் சுற்றிலேயே தோத்தான். அடுத்த வாரம் புது மோட்டார் வாங்கினான். அதுக்குள்ள அது பழசாயிடுச்சு. மூணாவது வாரம் அவன் வரல. 1960-கள் முடியறதுக்குள்ள அந்தக் கடைகளில் பெரும்பாலானவை மூடிட்டாங்க. இதுக்குப் பல காரணம் சொல்வாங்க. ஒரு மோகம் வந்துச்சு, போச்சுன்னு சொல்றவங்களும் உண்டு. அதுவும் உண்மைதான். ஆனா என் கணக்கில் முக்கியக் காரணம், புதுசா வர்றவன் ஜெயிக்க வழியே இல்லாமப் போனது.

கடைகள் செத்தாலும் கிளப்புகள் சாகல. கேரேஜிலயும் மாடி அறையிலயும் இருந்த சின்னக் கிளப்புகள் தொடர்ந்து ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. எப்படின்னா, விதிகளால. உள் லேனில் வளைவு குறுகல், வெளி லேனில் அகலம், அதனால ஒரே லேனில் ஓட்டினா நியாயமில்ல. எல்லாரும் எல்லா லேனிலும் ஒரு தடவை ஓட்டணும், கடைசியில் மொத்தச் சுற்றுகளைக் கூட்டணும். உங்க முறை முடிஞ்சா வீட்டுக்குப் போக முடியாது. வளைவில் மார்ஷலா நின்னு, அடுத்தவன் கார் பறந்து விழுந்தா ஓடிப்போய் எடுத்து வைக்கணும், அவன் உங்களைத் தோக்கடிக்கப் போறவனா இருந்தாலும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு விதி. சில பந்தயங்களில் சீல் வெச்ச மோட்டாரை அன்னைக்குக் காலையில் அவங்களே கையில் கொடுப்பாங்க. அதைப் பிரிக்கக் கூடாது. டியூனிங்கை டயர்லயும் எடையிலயும் காட்டிக்கோ, காயிலைத் தொடாதே. செலவு எங்க கட்டுமீறிப் போகுதோ அந்த ஒரு இடத்தை மட்டும் பூட்டிட்டு, கைவேலைக்கு இடம் விட்டாங்க.

இந்த விதியைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது பொம்மை இல்ல, சோழவரம்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் வெளிநாட்டுப் பொம்மையை இறக்குமதி பண்றதே பெரும்பாடு. அதனால இந்தப் பொம்மைக் கதை நம்ம ஊர்ல பெரிசா நடக்கல. நிஜக் காரில் அதே கதை நடந்துச்சு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பிச்சது. ஓட்டற ஆசை உள்ளவங்க சேர்ந்து நடத்தின கிளப். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. அதுவே டிராக். 1980-களின் கடைசி வரைக்கும் அங்க ரேஸ் நடந்துச்சு, கூட்டம் அள்ளும்.

அங்க என்ன ஓடிச்சு? ஒரு பக்கம் வீட்டில் ஓட்டற ஃபியட், ஹெரால்ட். சீட்டைக் கழட்டி எடையைக் குறைச்சு, சிலிண்டர் ஹெட்டை அரைச்சு கம்ப்ரெஷனை ஏத்தி, கார்புரேட்டரை மாத்தி, மெக்கானிக்கும் ஓட்டறவரும் சேர்ந்து செஞ்ச வண்டிகள். இன்னொரு பக்கம் பணமும் தொடர்பும் உள்ளவங்க கொண்டு வந்த வெளிநாட்டு ரேஸ் கார். 1980-களில் விஜய் மல்லையா அங்க ஓட்டினது என்சைன், ஃபார்முலா ஒன்னுக்காகச் செஞ்ச கார். ஃபியட்காரர் என்னதான் டியூன் பண்ணாலும் அதுகூட ஓட முடியுமா? பார்க்கறவனுக்கு அது திருவிழா. ஓட்ட ஆசைப்படற பையனுக்கு அது பூட்டின கதவு.

அந்தக் கதவைத் திறந்தவர் கோயம்புத்தூர்க்காரர், எஸ். கரிவரதன். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். அவரும் வசதியானவர்தான். நினைச்சிருந்தா அவரும் வெளிநாட்டுக் கார் வாங்கிக் கோப்பையை அள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம். அவர் செஞ்சது வேற. 1983 டிசம்பரில் மாருதி 800 சந்தைக்கு வந்துச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர். சில வருஷத்தில் நாட்டில் எந்த ஊரிலும் அதுக்கு ஸ்பேர் கிடைக்க ஆரம்பிச்சது. கரிவரதன் அந்த இன்ஜினை வெச்சு, ஒருத்தர் மட்டும் உட்காரும், சக்கரம் வெளியே தெரியும் ரேஸ் காரை இங்கயே வடிவமைச்சார். 80-களின் இறுதியில் வந்த அதுக்குப் பேரு ஃபார்முலா மாருதி.

ஃபார்முலா ஒன்னோட ஒப்பிட்டா அது மெதுவான கார்தான். கிண்டல் பண்ணவங்களும் இருந்திருப்பாங்க, சந்தைக்குப் போற மாருதி இன்ஜினில் ரேஸான்னு. ஆனா கிரிட்டில் நிக்கற எல்லா காரிலும் அதே இன்ஜின். பக்கத்துக் காரன் ஜெயிச்சா அவன் அப்பா வாங்கிக் கொடுத்த இன்ஜினைக் காரணம் சொல்ல முடியாது. அவன் உன்னைவிட லேட்டா பிரேக் பிடிச்சான், இல்ல அவன் மெக்கானிக் செட்டப்பை நல்லா வெச்சான், அவ்வளவுதான். ஸ்லாட் கார் கிளப்பில் சீல் வெச்ச மோட்டார் செஞ்ச அதே வேலை.

1990-ல் கிளப் தன்னோட சொந்த டிராக்கைத் திறந்துச்சு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். அங்க ஃபார்முலா மாருதி ஓட்ட வந்த கோவைப் பையன்களில் ஒருத்தர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டின முதல் இந்தியர். 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓட்டி வளர்ந்தவர்தான். நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினதைக் கரிவரதன் பார்க்கல. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துட்டார்.

கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த டிராக்குக்கு அவர் பேரைத்தான் வெச்சாங்க, கரி மோட்டார் ஸ்பீட்வே. பொள்ளாச்சி பக்கம் போறவங்க ஒரு ரேஸ் வார இறுதியில் எட்டிப் பாருங்க. எல்ஜிபி ஃபார்முலா 4 ரேஸ் நடந்தா, பிட்டில் நிக்கற கார்களைக் கவனிங்க. பெயின்ட்தான் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. உள்ளே எல்லாத்துக்கும் ஒரே மாருதி இன்ஜின்.