வேலிக்குப் பின்னால் ஒரு குடும்பம்

காட்டு வாத்து வேட்டைன்னா இலை, தழை அச்சடிச்ச உடுப்புதான் நமக்கு ஞாபகம் வரும். நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வேட்டைக்காரர்கள் குளக்கரையையே மறைத்தார்கள். கரையோரம் நீளமாக வேலி கட்டி, பைன், ஓக் கிளைகளைச் செருகி, பின்னால் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள்.

ஆனா ஒளியறது பாதி வேலைதாங்க. மீதியைச் செய்தது வளர்ப்பு வாத்து. பெற்ற வாத்துகளைத் தண்ணீரோரம் கட்டிவைத்து, அவற்றின் இளசுகளைப் பின்னால் கூண்டில் அடைத்திருப்பார்கள். வானத்தில் கூட்டம் தெரிந்ததும் கூண்டைத் திறப்பார்கள். இளசுகள் பறந்துவந்து, பெற்றோர் குரல் கேட்கும் கரையில் இறங்கும். அதை நம்பிக் காட்டு வாத்துகளும் இறங்கும். கனடா வாத்து குடும்பமாகவே வலசை போகிற பறவை. அந்தப் பாசத்தையே கண்ணியாக்கிட்டாங்க.

வறட்சியில் நீர்ப்பறவைகள் வெகுவாகக் குறைந்த 1930களில் அரசு தலையிட்டது. 1935ல் உயிருள்ள பறவையைக் காட்டி ஈர்ப்பது அமெரிக்கா முழுக்கத் தடையானது. தழை மறைப்புக்கு இன்னைக்கும் தடை இல்லை. மனுஷன் ஒளிஞ்சுக்கலாம்; பறவையை வைத்தே பறவையை ஏமாற்றக் கூடாது. அந்தக் கோடு எனக்கு நியாயமாத்தான் படுது.