கூர்த்த மதியும் விரிந்த நெஞ்சும்

அரபு மொழியில் அறிவுக்கு ‘அக்ல்’ என்று பெயர். ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றை ‘இகால்’ என்பர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. மனம் தறிகெட்டு ஓடாதவாறு கட்டி நிறுத்துவதால் அறிவுக்கு அப்பெயர் அமைந்ததென மொழிநூலார் உரைப்பர். ஆனால், பிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்ட மூஸா (அலை) அவர்கள் தம் இறைவனிடம் முதற்கண் இறைஞ்சியது நெஞ்சத்தின் விரிவையே என்பதைத் தாஹா அத்தியாயத்தை ஓதுவோர் அறிவர். கட்டுவது ஒன்று, விரிப்பது மற்றொன்று. முன்னது வாய்த்தவர்க்குப் பின்னதும் தானே வாய்த்துவிடும் என்றே நாம் பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம்.

நம் தருமபுரியில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியை இங்கே நினைவுகூர்வோம். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அதனை நிருவகிக்க வந்த ரீட் துரையின் உதவியாளருள் ஒருவர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோ வணிகர் ஒருவரின் மைந்தர், படைவீரராக வந்தவர். 1799 வரை தருமபுரியில் தங்கித் தோட்டம் போட்டார். ஊர் ஊராகச் சென்று நிலத்தையும் தீர்வையையும் குடிகளிடமே கேட்டறிந்தார். பாரசீகமும் இந்துஸ்தானியும் முன்னரே கற்றிருந்தார். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வரும் ஒரு இறாத்தல் சதை வழக்கை ஒத்த கதையொன்றைப் பாரசீக ஏட்டிலே கண்டு மொழிபெயர்த்தவரும் அவரே.

மன்றோவை நாம் அவுலியாவாக்க வரவில்லை. திப்புவின் வீழ்ச்சியை விரும்பியவர் அவர். 1799 போரிலும் பங்கு கொண்டவர். எனினும் தம் கண்ணால் கண்டதை மறுக்கும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. சென்னை ஆளுநரானபின் 1822-இல், இந்நாட்டுப் பள்ளிகளை எண்ணிக் கணக்கனுப்புமாறு கலெக்டர்களுக்குப் பணித்தார். 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. அதனை ஆராய்ந்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பில், இங்குள்ள கல்வி தம் நாட்டினும் தாழ்ந்ததே என்றார். அண்மைக்காலம் வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்ததினும் உயர்ந்தது என்பதையும் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு கலெக்டர் சீமையிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாகப் பள்ளி நிறுவத் திட்டமும் வகுத்தார்.

இனி மெக்காலேயைப் பாருங்கள். மதிநுட்பத்தில் மன்றோவை விஞ்சியவர். ஏழெட்டு வயதிலேயே உலக வரலாறு எழுதப் புகுந்தவர். படித்த நூலைப் பக்கம் பக்கமாக ஒப்பிக்கும் நினைவாற்றல் படைத்தவர். அத்தகையவர் 1835 பிப்ரவரி 2-இல் எழுதிய குறிப்பில், தமக்கு அரபும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது என்று தாமே எழுதினார். எழுதியபின், நல்ல ஐரோப்பிய நூல்நிலையமொன்றின் ஒரே அலமாரி இந்தியாவும் அரேபியாவும் ஈந்த இலக்கியம் அனைத்துக்கும் ஈடாகும் என்று தீர்ப்பும் கூறினார்! அரபு எழுத்தில் ‘அலிஃப்’ அறியாத ஒருவரிடம் நம் மக்தபுச் சிறுவன்கூட இதற்கு ஆதாரம் கேட்பான். ஆனால் மெக்காலேயின் நடையழகு அக்கேள்வியை எழவொட்டாமல் செய்துவிட்டது. கூர்த்த மதி தன் முன்முடிவுக்குக் காவலாளாகவும் ஆகிவிடக்கூடும் போலும்.

அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் அல்பீரூனி இந்தியரைப் பற்றி எழுதப் புகுந்தபோது, முதலில் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் மாணவராக அமர்ந்தார். பதஞ்சலியை அரபியில் பெயர்த்தார். மஹ்மூத் கஜ்னவியின் படையெடுப்புகள் நடந்த காலம் அது என்பதையும் மறக்கலாகாது.

மன்றோ 1827 ஜூலை 6-இல் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். மெக்காலேயின் குறிப்பை ஏற்று 1835 மார்ச் 7-இல் பென்டிங்க் பிரபு ஆணையிட்டார். மறு ஆண்டே, மன்றோ வகுத்த திட்டத்தின்படி திறக்கப்பட்டிருந்த பள்ளிகள் மூடப்பட்டன.