வெறுங்கால் வழியே வந்த சோகை

கொக்கிப்புழு என்ற பெயரை இங்கே வளரும் நம் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் கால்நடை மருத்துவரிடம்தான். நாய்க்கு மாதாமாதம் கொடுக்கும் மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கும். "இது மனுஷங்களுக்கும் வருமாப்பா?" என்று போன வாரம் என் மகள் கேட்டாள். வரும். நம் சனங்களுக்கு நிறையவே வந்தது. அவளுக்குச் சொல்ல உட்கார்ந்தால் அது மலைத்தோட்டத் தமிழர்களின் சரித்திரமாக நீண்டுவிட்டது. அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

என் அம்மா வழி சாந்தன்பாறை. போடிமெட்டு ஏறி அப்பால் போனால் வரும் ஏலமலை. தாத்தாவும் அம்மாச்சியும் கம்பம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். அந்தப் பக்கத்து லயங்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

ஏலக்காயைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விஷயம். காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும், அதில்தான் காய். எடுப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், குனிந்தோ குந்தியோ ஈர மண்ணில் கைவைத்துத்தான் எடுக்க வேண்டும். மேலே மரநிழல், கீழே மக்கிய இலை, எப்போதும் ஈரம். ஏலத்துக்கு எது தேவையோ அதுவே கொக்கிப்புழுவின் குஞ்சுக்கும் தேவை. வெயில் பட்டால் அது காய்ந்து செத்துப்போகும். நிழலும் ஈரமும் இருந்தால் வாரக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

இந்தப் புழு வாய் வழியாக மட்டுமே உடம்புக்குள் போகிறது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். கெய்ரோவில் இருந்த ஜெர்மானியர் ஆர்தர் லூஸ், 1890களின் கடைசியில், புழுக்குஞ்சு இருந்த தண்ணீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். கை அரித்தது. சில வாரங்கள் கழித்து அவர் மலத்திலேயே முட்டைகள் தெரிந்தன. தோலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாகக் குடலுக்கு இறங்குகிறது என்பது அதன்பின் படிப்படியாகத் தெளிவானது. குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளிக்கும் குறைவுதான். நூற்றுக்கணக்கில் இருந்தால்? அதுவும் வருஷக்கணக்கில்? இரும்புச்சத்து வற்றிப்போய் ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, முகம் வீங்கி உட்கார்ந்துவிடுவார்.

"மண்ணைத் தின்னுறான், அதான் வயித்துல பூச்சி" என்று அம்மாச்சி பிள்ளைகளைத் திட்டும். பல நேரம் விஷயம் தலைகீழ். ரத்தம் குறைந்த உடம்புதான் மண்ணுக்கு ஏங்குகிறது.

இது "கூலிகளின் அழுக்கு நோய்" என்று வெள்ளைக்காரத் துரைமார் எழுதி வைத்தார்கள். ஆனால் ஐரோப்பாவில் இந்த நோய் பெயரெடுத்ததே 1880 வாக்கில், ஆல்ப்ஸ் மலையில் செயின்ட் கோத்தார்ட் ரயில் சுரங்கம் தோண்டிய இத்தாலியத் தொழிலாளர்களிடம்தான். 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்பவர் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையர்களிடம் கண்டபோது பத்திரிகைகள் இதற்குச் "சோம்பல் கிருமி" என்று பெயர் வைத்தன. 1909இல் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்து இயக்கம் தொடங்கினார். சோதித்த பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு அங்கே இந்தப் புழு இருந்தது. சுரங்கமோ பருத்திக்காடோ தேயிலைத்தோட்டமோ, வெறுங்காலும் ஈரமண்ணும் கக்கூஸ் இல்லாமையும் சேர்ந்த இடத்தில் எல்லா நிறத்தாருக்கும் வந்திருக்கிறது.

அந்த ராக்ஃபெல்லர் பணம் 1916இல் இலங்கைக்கு வந்தது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் ஒன்பது பேருக்குமேல் புழு. மருந்து கொடுத்தார்கள். அன்றைக்கு இருந்தது செனப்போடியம் எண்ணெய். தலைசுற்றும், வாந்தி வரும், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. அதைக் குடித்துப் பேதியும் ஆகிப் புழுவும் போனபின், தொழிலாளி திரும்பிப் போவது அதே லயத்துக்கு, அதே மண்ணுக்கு. சில மாதத்தில் மறுபடியும் புழு.

கக்கூஸ் கட்டுங்கள் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். துரைமார்களில் பலர் மசியவில்லை. செலவு, கட்டினாலும் இவர்கள் போகமாட்டார்கள், நோயே இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று மூன்று பதில். மூன்றாவது பதிலின் பலனை மண்டபம் கேம்ப்பில் பார்க்கலாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் இலங்கைக்குப் போன கூலிச் சனம் அந்த வழியாகத்தான் போனது. அங்கே நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கும் மருந்து புகட்டி அனுப்பினார்கள். மருந்து கொடுத்தது நல்லதுதான். ஆனால் புழுவைச் சுமந்து வருபவன் தொழிலாளி என்று முத்திரை குத்திவிட்டால், தோட்டத்து மண்ணுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அமுங்கிப்போகிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் திருப்பி அனுப்பப்பட்டவர்களும், 1983க்குப் பின் அகதிகளும் வந்து தங்கியது அதே மண்டபத்தில்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மலையின் இந்தப் பக்கம், சாந்தன்பாறை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கும் 1928இல் ராக்ஃபெல்லர் உதவியோடு குடல்புழுக் கணக்கெடுப்பு நடந்தது. 1933இல் பொதுசுகாதாரத்துக்கென்று தனித்துறையே வந்தது. கேரளத்துச் சுகாதாரத்தை இன்று நாம் புகழ்வதற்கு வேர் அங்கேயும் இருக்கிறது.

ஆனால் தோட்டத்துக்குள் அரசாங்கம் நுழைவது வேறு கதை. சுதந்திரத்துக்குப் பின் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, குடிதண்ணீர், கக்கூஸ், வீடு, மருத்துவம் எல்லாம் முதலாளியின் கடமை என்றது. அந்தச் சட்டம் முதலில் பெயர் சொன்னது தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா என்ற நான்கைத்தான். ஏலக்காய் மத்திய சட்டத்தின் பட்டியலில் ஏறியது 1981 திருத்தத்தில். அப்போதும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டம் அதற்குள் வரவில்லை. ஏலமலையிலோ சின்னத் தோட்டங்கள்தான் அதிகம். போடியிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறிப் பொழுது சாயத் திரும்பும் பெண்கள் பகல் முழுக்க எங்கே ஒதுங்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நாய்க்கு வருகிறேன். அதே லூஸ் 1911இல், இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலில் இன்னொரு வகைக் கொக்கிப்புழுவைக் கண்டு, "சிலோன்" பெயரையே வைத்தார். அங்கைலோஸ்டோமா சிலானிக்கம். நாய், பூனைகளின் புழு இது, மனிதருக்கு எப்போதாவது வரும் என்று வெகுகாலம் நினைத்தார்கள். நுண்ணோக்கியில் எல்லாக் கொக்கிப்புழு முட்டையும் ஒன்றுபோலவே இருப்பதால் பிரித்தறிய வழியில்லை. மரபணுச் சோதனை வந்தபின்தான் குட்டு வெளிப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவில் மனிதரிடம் அதிகம் காணப்படும் கொக்கிப்புழுக்களில் இதற்கு இரண்டாம் இடம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைப் பழங்குடிப் பிள்ளைகளிடம் இது இருப்பதை வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள்.

இதன் பொருள் எளிது. லயத்துத் திண்ணையில் படுத்திருக்கும் நாய்க்கு மருந்து கொடுக்காமல், பிள்ளைக்கு மட்டும் கொடுத்துப் புழுவை ஒழித்துவிட முடியாது.

2015 முதல் இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 முதல் 19 வயதுவரை அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். செனப்போடியம் காலத்தோடு ஒப்பிட்டால் இது வரம். ஆனால் ஏலக்காய் எடுக்கும் நாற்பது வயது அம்மா அந்தக் கணக்கில் வருவதில்லை. ரத்தம் இல்லாமல் அவர் உட்கார்ந்தால் இன்றைக்கும் "சோம்பேறி" என்றுதான் சொல்கிறார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிடுவது சரி, அத்தை, சித்திமார்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்பினால் கக்கூஸ் முதலில் முடியட்டும்.

உங்கள் வீட்டில் மண்டபம் கேம்ப் வழியாகப் போனவர்களோ, அந்த மருந்து குடித்த கதையைக் கேட்டவர்களோ இருந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். துரைமார் எழுதியது எல்லாம் பத்திரமாக இருக்கிறது, நம் பக்கத்துக் கதைதான் எழுதாமல் கிடக்கிறது.