வழுக்கையும் ஆண்மைச் சுரப்பும்

தலைமயிர் உதிர்தலை வரலாற்றுக்குரிய பொருளாக எவரும் கொள்வதில்லை. அது நாவிதருக்கும் எண்ணெய் விற்போருக்கும் உரியதென விட்டுவிடுதலே வழக்கம். ஆயினும் ஊவாவில் வாழ்வோர்க்கு இப்பொருள் அத்துணைச் சிறியதன்று. இம்மாகாணத்தின் தென்பாகத்திலுள்ள கதிர்காமத்தில் முடியிறக்கும் அடியார், சில திங்களில் மீண்டும் முடி பெறுகின்றனர். மழிக்கும் கத்தி மயிரின் வேரைத் தீண்டுவதில்லை. (மழித்தால் அடர்ந்து வளரும் என்பது வெறும் நம்பிக்கையே.) பசறையிலும் தெமோதரையிலும் அப்புத்தளையிலும் உள்ள தோட்டங்களிலோ, இழந்த முடி மீளாத இருவரைக் காணலாம். ஒருவர் நெற்றியேறிய ஆடவர். மற்றவர் உச்சியில் முடி தேய்ந்த கொழுந்து பறிக்கும் பெண். இருவர் குறையும் ஒன்றெனக் கருதி ஒரே மருந்தை நாடுவது பெரும் பிழையாகும். அது ஏன் என்பதை அறிய, ஆடவரின் வழுக்கையைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

அலிகளுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்கர் நன்கறிந்திருந்தனர். இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ வாக்கியங்களிலே அது காணப்படுகின்றது, கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான அரித்தோட்டிலும் அதனைக் குறித்துள்ளார். ஆனால் கண்டது வேறு, காரணம் அறிந்தது வேறு. இடையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. விதையிலிருந்து சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஓமோன் 1935ஆம் ஆண்டிலேதான் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அதனைச் செயற்கையாக ஆக்கவும் கற்றனர்.

அமெரிக்க உடற்கூற்றறிஞர் ஜேம்ஸ் ஹமில்ற்றன் 1942இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனையாகும். விதை நீக்கப்பட்டோர், பருவமெய்தாதோர் ஆகிய 104 ஆடவரை அவர் ஆராய்ந்தார். பருவமெய்துமுன் விதையிழந்தோர் எவருக்கும் வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண் ஓமோனைச் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை உடையோரின் முடி உதிரத் தொடங்கியது. நிறுத்தியபோது உதிர்தல் நின்றது. எனவே பரம்பரை, ஓமோன், வயது ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி வழுக்கை தோன்றாது என்பது புலனாயிற்று. இவ்வறிவு எவருடைய உடலிலிருந்து பெறப்பட்டது என்பதையும் வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது. இதே ஆய்வாளர் 1969இல் ஆயுட்காலம் பற்றி எழுதிய கட்டுரைக்கு, கன்சாஸ் மாநிலத்தில் மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் அடைக்கப்பட்டு விதை நீக்கப்பட்டவர்களே ஆதாரமாயினர். அவர்களுடைய சம்மதத்தை யார் கேட்டனர்?

அடுத்த செய்தி டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. அங்கே பிறப்பில் பெண் எனக் கருதி வளர்க்கப்பட்ட சில குழந்தைகள், பருவமெய்தியதும் ஆண்களாயினர். ஜூலியன் இம்பெராற்றோ மக்கின்லியும் உடன் ஆய்வாளரும் 1974இல் இதன் காரணத்தை வெளியிட்டனர். டெஸ்டோஸ்டெரோனை அதனினும் வலிய டைஹைட்ரோ டெஸ்டோஸ்டெரோனாக மாற்றும் நொதியம் ஒன்று இவர்களிடம் குறைந்திருந்தது. இவர்கள் வளர்ந்தபின் புரோஸ்ரேற் சுரப்பி சிறிதாகவே இருந்தது. தலையில் வழுக்கையும் விழவில்லை. மயிர்க்கால்களைச் சுருக்கி, வளரும் பருவத்தைக் குறுக்கி, தடித்த முடியைப் பூனைமயிராக்குவது அந்த இரண்டாம் ஓமோனே என்பது இதனால் தெளிவாயிற்று. தாடியை வளர்ப்பதும் அதுவே என்பது வியப்பன்றோ!

இயற்கை சிலரிடம் குறைத்த நொதியத்தை மருந்தினால் குறைக்க முயன்றதன் பயனே பினாஸ்டெரைட். 1992இல் புரோஸ்ரேற் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் அளவிலும், 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவிலும் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. பின்வந்த டுட்டாஸ்டெரைட் இன்னும் வலியது. முடிக்குத் தடவப்படும் மினொக்சிடில் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது இரத்த அழுத்தத்துக்கான மருந்தாய்ப் பிறந்து, மயிர் வளர்க்கும் பக்கவிளைவினாற் புகழ்பெற்றது. பினாஸ்டெரைட்டை நிறுத்தினால் காத்த முடியும் ஓராண்டளவில் உதிர்ந்துவிடும். சிலருக்குக் காமவிச்சை குன்றுகின்றது, மனச்சோர்வும் நேர்கின்றது. தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவே என 2025இல் ஐரோப்பிய மருந்து அதிகாரசபை உறுதி செய்தது.

பதுளைக்கு அணித்தான பிபிலை என்னும் ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட பேராசிரியர் சேனக பிபிலேயை ஈண்டு நினைத்தல் தகும். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். வணிகப்பெயரை விடுத்து மருந்தின் இயற்பெயரையே எழுதுக என்பது அவர் கொள்கை. அன்றாடச் சம்பளம் 1000 ரூபாவை எட்ட 2021 வரை காத்திருந்த தோட்டத் தொழிலாளிக்கு, மருந்துப் பெட்டியில் எப்பெயர் உள்ளது என்பது சிறு செய்தியன்று.

இனி, அப்பெண்ணின் உச்சந்தலைக்கு வருவோம். கொழுந்துக் கூடையின் கயிறு அவள் தலையில் தங்குகின்றது. மலைச்சரிவில் ஏறியும் இறங்கியும் நாளெல்லாம் பறிக்கையில், கூடையின் பாரம் முழுவதும் அக்கயிற்றின் வழியே தலையில் இறங்குகின்றது. இடையறாத இழுவையும் உராய்வும் மயிர்க்காலை நலியச் செய்யும். இழுவையால் முடி உதிர்தலை 1907இல் கிறீன்லாந்துப் பெண்களிடம் மருத்துவர் முதன்முதலிற் குறித்தனர். முடியை இறுக்கிக் கட்டியதே அங்கே காரணம். தொடக்கத்தில் இழுவை நீங்கினால் முடி மீளும். பல்லாண்டு நீடித்தால் தழும்பாகிவிடும். இதற்கு ஓமோனைத் தடுக்கும் மருந்து எவ்வகையிலும் பயன்படாது. கயிற்றின்கீழ் மடித்த துணி வைப்பதும், பாரத்தைத் தோளுக்கு மாற்றுவதும் பயன்தரும்; அதுவோ மருத்துவரிடமன்று, தோட்ட நிருவாகத்திடம் கேட்க வேண்டியது.

பயன்படாமை ஒருபுறமிருக்க, கேடும் உண்டு. கருவிலிருக்கும் ஆண்குழந்தையின் பிறப்புறுப்பு அமைவதற்கு அதே இரண்டாம் ஓமோன் இன்றியமையாதது. ஆகவே கருவுற்ற பெண் இம்மருந்தை உண்ணலாகாது; உடைந்த மாத்திரையைத் தொடுதலும் ஆகாது. செலவைக் குறைக்க 5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக வெட்டி உண்போர் பல நாடுகளிலும் உளர். சமையலும் துயிலும் ஓரறையிலேயே நிகழும் லயத்து வீட்டில், அவ்வாறு வெட்டுபவர் அதன் தூளை எங்கே தட்டுகிறார், அந்தக் கத்தி பின்னர் எவர் கைக்குப் போகிறது என்பதை முதலில் கவனித்தல் வேண்டும்.