படியோலையும் மூல ஓலையும்

வடதிருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரருக்குக் கிடைத்துள்ள தேவாரப் பதிகம் ஒன்றே, அது சுந்தரருடையது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கிய அவர், கண்ணிழந்த நிலையில் இங்கு வந்ததாகச் சேக்கிழார் கூறுவார். அவர் அடியாராக வாழத் தொடங்கியதும் ஓர் ஆவண வழக்கில்தான். திருமுல்லைவாயிலில் இன்று வீட்டுக்கடன் கேட்டுப் போகிறவர், தம்மைப்பற்றிப் பிறர் எழுதிய கடன் அறிக்கை ஒன்றை எதிர்கொள்கிறாரே, அவருக்கு அவ்வழக்கைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

புத்தூரில் மணப்பந்தலில் இருந்த சுந்தரரிடம் முதியவர் ஒருவர், 'உன் பாட்டன் எழுதித் தந்த ஆளோலை இது. நீ எனக்கு அடிமை' என்றார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருந்தது. அவ்வூர் அவையினர் முதியவரின் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு கேட்டனர். கரணத்தான் ஓலையை வாங்கிப் படித்தான். சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்பட்டன. பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து எழுத்தை ஒப்புநோக்கினர். சுந்தரர் தோற்றார், எனினும் விசாரணைக்குப் பிறகே தோற்றார். இக்காட்சியை எழுதியவர் குன்றத்தூர்க்காரர், சோழர் அமைச்சர் என்று மரபு சொல்லும். ஆவணக் களரி அவருக்குப் பழகிய இடமாக இருந்திருக்க வேண்டும்!

கடன் பதிவேடுகளுக்கு இத்தகைய அவை நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1899இல் அட்லாண்டாவில் தோன்றி, பின்னாளில் ஈக்விஃபாக்ஸ் எனப் பெயர் மாறிய நிறுவனம், அண்டை வீட்டாரின் வம்பையும் கோப்பில் சேர்த்தது. கோப்புக்குரியவர் தம் கோப்பின் உள்ளடக்கத்தை அறியவும் மறுக்கவும் உரிமை தந்த அமெரிக்கச் சட்டம் 1970இல்தான் வந்தது.

நம் நாட்டில் சிபில் 2000இல் தொடங்கப்பட்டது. இத்துறையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. அதன் 21ஆம் பிரிவு திருத்தம் கோரும் உரிமையைத் தருகிறது. 30 நாளுக்குள் நடவடிக்கை வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவில், கடன் கொடுத்த நிறுவனம் சரியென்று சான்றளித்த பின்னரே திருத்தம் செய்யலாம் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. முடித்த கடன் நிலுவை என்று பதிவாகியிருந்தால், அப்படி எழுதியவரே அதைத் தவறென்று ஒப்ப வேண்டும். வெண்ணெய்நல்லூர் முதியவரையே கரணத்தானாகவும் அமர்த்தியது போன்றது இது. நமக்கு இது நேர்மையான ஏற்பாடாகத் தோன்றவில்லை.

இது கடனோடு நிற்கும் செய்தியும் அன்று. கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஏற்றது.

காட்சி சற்றே மாறியும் இருக்கிறது. 2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நிறுவனங்கள் நான்கு, ஒன்றில் பிழை நீங்கினாலும் மற்ற மூன்றையும் பார்ப்பது நல்லது. 2022 செப்டம்பர் முதல் இந்நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குள் வந்தன. அவையென்று சொல்லத்தக்க மூன்றாமவர் அப்போதுதான் கிடைத்தார். 2024 ஏப்ரல் 26 முதல், புகார் 30 நாளில் தீராவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடன் கொடுத்தவர் தம் பதிலை 21 நாளுக்குள் தராவிட்டால் அத்தொகை அவர் தலையில் விழும். ஆகவே புகார் கொடுத்த நாளைக் குறித்து வைப்பதும், கடன் முடிந்தபோது வாங்கிய நிலுவையில்லாச் சான்றைக் காப்பில் வைப்பதும் அவசியம். ஒப்புநோக்க வேறோர் ஓலை வேண்டுமல்லவா?