செயின் கடகடத்த காலம்

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் சாலை சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணியைத் தொட்டும் விட்டும் போகிறது. அதுவரை சமவெளிதான். அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியை விட்டு மணிமுத்தாறு பக்கம் திரும்பினால் மாஞ்சோலை மலை. ஆற்றைக் கடந்து மேற்கே போனால் பாபநாசம், காரையாறு. ஏற்றத்தில் இன்ஜின் சூடேறும். இறக்கத்தில் கியரிலேயே பிடித்து இறக்க வேண்டும். பழைய கார் என்ன நிலையில் இருக்கிறது என்பது அந்த இறக்கத்தில்தான் வெளிப்படும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து இரும்பு உரசும் சத்தம் கிளம்பினால், அனுபவமுள்ள டிரைவர் ஊர் திரும்பியதும் நேரே பட்டறையில் கொண்டுபோய் நிறுத்துவார். “அண்ணாச்சி, முன்பக்கம் கடகடங்குது” என்றால் போதும். மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் டைமிங் செயின் மேல்தான் விழும்.

இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடும். இந்த இரண்டையும் கட்டிப்போடுவது டைமிங் செயின். மான்செஸ்டரில் குடியேறிய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் உருவாக்கிய புஷ் ரோலர் செயினின் வாரிசு இது. சைக்கிளுக்கும் நெசவு இயந்திரத்துக்கும் பயன்பட்ட அதே அமைப்பு மோட்டார் இன்ஜினுக்குள்ளும் புகுந்தது. எல்லா வண்டியிலும் செயின் நிலைக்கவில்லை. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் முதலில் செயின்தான் இருந்தது. போர் முடிந்த பிறகு அதை எடுத்துவிட்டுப் பல்சக்கரம் போட்டுவிட்டார்கள்.

மோட்டார் தொழிலுக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார்தான், வக்கீல் வேலை, ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கி, அடுத்த ஆண்டே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அவருடைய நிறுவனம் கரி வாயுக் கலன்களைச் செய்து பஸ்களின் பின்புறம் பொருத்தியது. புது வண்டி கிடைக்காத காலத்தில் இருக்கிற வண்டியை ஓடவைப்பதே தொழில் என்ற பழக்கம் தென்மாவட்டப் பட்டறைகளில் ஊறியதற்கு அந்தப் போர்க்காலம் ஒரு முக்கியக் காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த நிலை மாறவில்லை, இறுகியது. உதிரிபாகங்களைக் கொண்டுவந்து இணைத்து மட்டும் விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-ஐ ஒட்டி இந்தியாவை விட்டுப் போயின. மிஞ்சியவை முக்கியமாக மூன்று: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடர், பம்பாய் குர்லாவிலிருந்து வந்த ஃபியட், சென்னையிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு. மூன்றின் இன்ஜினிலும் டைமிங் செயின்தான். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காரை, மகன் காலம்வரை ஓட்டினார்கள். அத்தனை ஆண்டு ஓடினால் எந்தச் செயினும் தளரத்தான் செய்யும்.

சென்னைக் கார் என்பதாலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1961-ல் வெளிவந்த அந்தக் காரின் இன்ஜின் 948 சிசி. முன்பக்க மூடியும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும்; இன்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு அதைப் பிடித்துப்போனதற்கு இதுவே போதும். உள்ளே ஒற்றை வரிசைச் செயின். அதன் தளர்வை ஏற்க டைமிங் கவரின் உட்புறம் டென்ஷனர் எனப்படும் வளைந்த எஃகுப் பட்டை ஒன்று ஸ்பிரிங் போலச் செயினை அழுத்திக்கொண்டிருக்கும். நாள்பட நாள்படச் செயின் அந்தப் பட்டையில் பள்ளம் தோண்டும். பட்டை அழுத்தம் இழந்தால் செயின் துள்ளிக் கவரைத் தட்டும். அம்பாசடருக்கு 1959-ல் வந்த 1489 சிசி இன்ஜினில் இரட்டை வரிசைச் செயின்; அது கூடுதல் காலம் தாங்கும், ஆனால் தளரவே தளராது என்று யாரும் சொன்னதில்லை.

செயின் நீண்டுவிட்டது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் எஃகு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் தலைமுடிப் பருமனில் பாதி தேய்ந்தால்கூட, ஐம்பது அறுபது கண்ணிகளில் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தொங்கிவிடும். வால்வுகள் அந்த அளவுக்குத் தாமதமாகத் திறக்கும். கார் இழுவை குறையும், பெட்ரோல் கூடக் குடிக்கும்.

கண்டுபிடிக்கும் முறையில்தான் அந்தத் தலைமுறையின் கைத்தேர்ச்சி முழுதும் இருந்தது. முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டுவார்கள். சத்தம் நின்றால் குற்றம் வாட்டர் பம்ப் அல்லது டைனமோ பேரிங்கில். நிற்கவில்லை என்றால் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை டைமிங் கவரில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். டேப்பட் சத்தம் மேலிருந்து, சன்னமாக, ஒரே சீராக வரும். செயின் சத்தம் கீழே முன்புறத்தில், தடித்து, ஒழுங்கில்லாமல் வரும். அதோடு விடாமல், கேம் ஷாஃப்ட்டிலிருந்து ஓடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிராங்க் புல்லியைக் கையால் முன்னும் பின்னும் அசைப்பார்கள். புல்லி திரும்பியும் உள்ளே ரோட்டார் அசையாமல் நின்றால், அந்த இடைவெளியில் பெரும்பகுதி செயினின் தொய்வு. இன்ஜினைப் பிரிக்காமல், ஒரு கருவியும் வாங்காமல் செய்த சோதனை இது. எந்தப் பொறியியல் கல்லூரி ஆசிரியரும் மதிக்க வேண்டிய சோதனை.

மாற்றும் வேலை பொறுமையைக் கேட்கும். தண்ணீரை இறக்கி ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். ஹாண்டில் போட்டுச் சுழற்றும் முன்பக்க நட்டின் பூட்டுத் தகட்டை நிமிர்த்தி, ஸ்பேனரைச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தால்தான் நட்டு இளகும். பிறகு புல்லி, கவர், எண்ணெய் தெறிக்காமல் தடுக்கும் தகடு. செயினைக் கழற்றும் முன் முதல் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, செயின் ஓடும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் உள்ள குறிகளை நேருக்கு நேர் நிறுத்துவார்கள். ஹெரால்டில் ஸ்ப்ராக்கெட்டுகளின் மேல் கீறிய கோடும், கேம் ஷாஃப்ட் முனையில் பஞ்சால் குத்திய புள்ளியும் இருக்கும். எண்ணெய்க் கசடைத் துடைத்துவிட்டு அந்தப் புள்ளியைத் தேடி எடுப்பதில்தான் வேலை சரியாகுமா பாழாகுமா என்பது இருந்தது. ஒரு பல் தவறினால் இன்ஜின் இழுக்காது, திணறும். கேஸ்கெட் கிடைக்காவிட்டால் தாளைக் கவரின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பெல்லாம் தட்டித் தட்டி அங்கேயே வெட்டிக்கொள்வார்கள்.

குறுக்கு வழியும் இருந்தது. செயின் தளர்ந்தால் வால்வு மட்டுமல்ல, கேம் ஷாஃப்ட்டிலிருந்து ஓடும் டிஸ்ட்ரிபியூட்டரும் பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி வைத்தால் பொறி நேரம் சரியாகி, காரும் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். வால்வு நேரம் மட்டும் தவறியபடியே இருக்கும். செயினை மட்டும் புதிதாகப் போட்டு, கொக்கி போல வளைந்து தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விடுவது இன்னொரு தவறு. பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். செயின், ஸ்ப்ராக்கெட், டென்ஷனர் மூன்றையும் சேர்த்து மாற்றியவர்தான் நேர்மையான மெக்கானிக்.

புதுச் செயின் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டுக்கு இதில் பெருமை கொள்ள உரிமை உண்டு. சென்னையில் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் டயமண்ட் செயின் நிறுவனத்தோடு சேர்ந்து 1960-ல் டி.ஐ. டயமண்ட் செயினைத் தொடங்கியது. கோயம்புத்தூரில் 1937-ல் போக்குவரத்து நிறுவனமாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்கள் பின்னாளில் செயின் உற்பத்திக்கு வந்தார்கள். அவர்களுடைய ‘ரோலான்’ செயின் இன்று நாடெங்கும் இருசக்கர வண்டிகளில் ஓடுகிறது. செயினுக்குப் பிட்ச் எனப்படும் கண்ணி இடைவெளியும் அகலமும் கண்ணி எண்ணிக்கையும் பொருந்தினால் போதும். கார் உற்பத்தி நின்றுபோன பிறகும் ஹெரால்டுகள் சாலையில் ஓடியதற்கு இந்தப் பொதுஅளவு பெரிய துணை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் செயின் இல்லை, ரப்பர் பெல்ட். சத்தமும் இல்லை. குறித்த கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றினால் வேலை முடிந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்ட பழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. 2014-ல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2008-ஐ ஒட்டி மாருதியே தன் கே-சீரிஸ் இன்ஜின்களில் செயினுக்குத் திரும்பியது. இன்று குற்றால சீசனுக்கும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் பல கார்களுக்குள் மறுபடியும் செயின்தான் சுற்றுகிறது. இவற்றின் டென்ஷனர் இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தில் இயங்குகிறது. ஆயில் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ டென்ஷனரின் பிடி தளரும். ஆகவே கார் வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கடகடத்தால் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள், செயினோடு ஸ்ப்ராக்கெட்டையும் டென்ஷனரையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.