தபரி சொன்னாரா, தபரியிடம் சொன்னார்களா?

சன்னி, ஷியா தரப்பினர் பழைய வரலாற்றைப் பேசும்போது இரு பக்கத்திலும் ஒரே பெயர் வரும்: தபரி. "தபரியிலேயே இருக்கிறதே" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் அதே நூலிலிருந்து வேறொரு பக்கத்தைக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கங்களும் அதில் இருக்கின்றன.

தபரி 839-ல் காஸ்பியன் கடலோரத் தபரிஸ்தானில் பிறந்து 923-ல் பாக்தாதில் காலமானவர். அவருடைய பெரிய வரலாற்று நூலில் சொந்தத் தீர்ப்பு குறைவு. இன்னார் சொல்ல இன்னார் கேட்டார் என்று அறிவிப்பாளர்களை வரிசையாகக் குறித்து, சொன்னதைப் பதிவு செய்வார். ஒன்றுக்கொன்று முரணான செய்திகளும் அடுத்தடுத்து வரும். ஏற்க முடியாத செய்தி இருந்தால் அது எனக்குச் சொன்னவர்களுடையது, என்னுடையதல்ல என்று முன்னுரையிலேயே எச்சரித்தும் விட்டார்.

656-ல் கலீஃபா உஸ்மான் மதீனாவில் கொல்லப்பட்டார். அந்தக் கலகத்தைத் தூண்டியவர் அப்துல்லாஹ் இப்னு சபா என்பது சன்னி தரப்பில் பலர் காட்டும் செய்தி. தபரிக்கு அது வந்தது கூஃபா நகரத்து ஸைஃப் இப்னு உமர் வழியாக. 680-ல் நபியின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தின் விவரங்களுக்கு ஷியாக்கள் பெரிதும் நாடுவது அபூ மிக்னஃபை. அவரும் கூஃபாக்காரர்தான், 774-ல் இறந்தவர்.

யஹ்யா இப்னு மஈன் போன்ற பழைய சன்னி ஹதீஸ் அறிஞர்கள் இந்த இருவரையுமே பலவீனமானவர்கள் என்று ஒதுக்கினார்கள். அந்தத் தீர்ப்பைக் காட்டி அபூ மிக்னஃபைத் தள்ளுபவர், ஸைஃபிடம் வரும்போது அதை மறந்துவிடுகிறார். ஸைஃபைக் கட்டுக்கதைக்காரர் என்பவர், அபூ மிக்னஃபை அவ்வளவு கடுமையாகக் கேட்பதில்லை. ஹதீஸுக்கு ஆகாதவர் வரலாற்றுக்கு ஆவார் என்ற வாதமும் உண்டு. சரி, அது இருவருக்கும் பொருந்த வேண்டுமல்லவா?

பிரெஞ்சில் படித்தவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஸோத்தன்பெர்க் மொழிபெயர்ப்பு (பாரிஸ், 1867–1874). அது அரபு மூலத்திலிருந்து செய்ததல்ல. அமைச்சர் பல்அமி 963-ல் தொடங்கிய பாரசீகச் சுருக்கத்திலிருந்து செய்தது. கதை தடையில்லாமல் ஓட வேண்டுமென்று பல்அமி அறிவிப்பாளர் பெயர்களை நீக்கிவிட்டார். படிக்கச் சுகம்தான். ஆனால் யார் சொன்னது என்பதே போய்விட்டது.

அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு குறிப்பைக் கண்டால் அடியில் இருக்கும் சுருக்கொப்பம் யாருடையது என்றுதான் முதலில் பார்ப்போம். கோப்பில் இருப்பதால் மட்டும் எதுவும் உத்தரவாகிவிடாது.

உஸ்மானும் ஹுசைனும் கொல்லப்பட்டதை யாரும் மறுக்கவில்லை. சண்டையெல்லாம் விவரங்களில். அவற்றைச் சொல்லியே இன்றும் ஒருவரை ஒருவர் வழிகெட்டவர் என்கிறார்கள். சில நாடுகளில் ரத்தமும் சிந்துகிறது. ஆகையால், "தபரியிலேயே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "தபரியிடம் அதைச் சொன்னவர் யார்?" என்று நிதானமாகக் கேளுங்கள். நமக்குப் பிடித்த செய்தியிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அதுதான் கஷ்டம்.